அரசியல் அறிவியல் படிக்கக் கோவையா, சென்னையா, டெல்லியா?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் காங்கயத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "நீயே வந்து பேசு. பொலிடிகல் சயின்ஸ்தான் படிப்பேன்னு இவ ஒத்தக் கால்ல நிக்கறா."

போனேன். வாசலில் களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. மாமா பருப்பைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார்: "அம்மிணி, நீ படிச்ச படிப்பேதான் வேணுங்கறா. அதப் படிச்சா என்ன வேலைக்குப் போறது? அத மட்டும் சொல்லு." உள்ளே அக்கா மகள் தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதி வைத்திருந்தாள். கோவை அரசு கலைக் கல்லூரி, சென்னை, டெல்லி, ஐந்து வருட லா, தபால் வழி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி.

நான் இந்தப் பாடத்தைப் படித்து இருபது வருடம் ஆகிறது. ஈரோட்டில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். அன்று அந்தத் திண்ணையில் பேசியதையும், பேச விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். நம் பக்கத்தில் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கும்.

முதலில் மாமாவின் கேள்வி. பி.காம். முடித்தவனை ஒரு ஆடிட்டர் அலுவலகமோ பனியன் கம்பெனியோ நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளும். பி.ஏ. அரசியல் அறிவியலுக்கு அப்படி ஒரு நேர்வழி கிடையாது. பட்டத்துக்குப் பிறகு இன்னொரு படி ஏறித்தான் ஆக வேண்டும்: எம்.ஏ., மூன்று வருடச் சட்டப்படிப்பு, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., இதழியல் என்று ஏதாவது ஒன்று. ஆசிரியர் வேலையை மனத்தில் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். தமிழ், கணிதம் படித்தவர்கள்போல் பி.ஏ. முடித்த கையோடு பி.எட். சேர இந்தப் பாடத்தில் முடியாது, எம்.ஏ. கேட்பார்கள். ஆக, மூன்று வருடத்தில் சம்பளம் வர வேண்டிய நிலைமை வீட்டில் இருந்தால் இந்தப் படிப்பு சிரமம் தரும். மாமாவிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "ஆறு வருசம் தாங்கலாம், அதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். அவர் அப்படி ஒரு கணக்குச் சொன்ன பிறகுதான் எங்கள் பேச்சு உருப்படியாக நடந்தது. எந்த வீட்டிலும் கல்லூரியைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பேசிவிடுவது நல்லது.

ஐ.ஏ.எஸ். ஆக இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று நினைத்து வருபவர்களும் உண்டு. எந்தப் பட்டம் இருந்தாலும் குடிமைப் பணித் தேர்வு எழுதலாம். அதன் முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் எழுத்துத் தாள்களின் 1750 மதிப்பெண்ணில், விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்களுமாகச் சேர்த்து 500. அதை அரசியல் அறிவியலாக எடுப்பவர்களில் பொறியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள். தேர்வு மட்டுமே குறி என்றால் வேறு பட்டம் வாங்கிக்கொண்டும் வரலாம். பாடத்தின் மேல் ஆசை இருந்தால்தான் மூன்று வருடம் ஓடும்.

அவளுக்கு ஆசை இருந்தது. எப்படித் தெரியும் என்றால், ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி அவளே பேச்செடுத்தாள். நொய்யலில் வந்த சாயத் தண்ணீர் அந்த அணையில் தேங்கி, கீழே பாசனம் செய்தவர்களின் நிலம் கெட்டது. வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. "நெலம் போனதும் நம்ம சனம், வேலை போனதும் நம்ம சனம். அப்ப கவர்மெண்ட் யார் பக்கம் நிக்கோணும் சித்தி?" என்று கேட்டாள். அரசு, உரிமை, நீதி என்று முதல் வருடம் வரும் அரசியல் கோட்பாட்டுத் தாள் முழுக்க இந்தக் கேள்விதான். இவள் படிக்கலாம் என்று அங்கேயே எனக்குத் தோன்றிவிட்டது.

கோவை அரசு கலைக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொங்குப் பகுதிக் கல்லூரிகளில் பி.காம்., பி.காம். சி.ஏ., பி.சி.ஏ. இல்லாத இடமே இல்லை. அரசியல் அறிவியலுக்குத் தனித் துறை வைத்திருப்பவற்றைக் கைவிட்டு எண்ணிவிடலாம். அதில் மூத்தது இது. 1852இல் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம், பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரி. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சில வருடங்களாக விண்ணப்பமும் பதிவும் சேர்த்து 50 ரூபாய்தான். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை குறிப்பிடலாம். மொழிப் பாடங்களை விட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். படிப்புக் கட்டணமும் ஒரு தனியார் கல்லூரியின் பேருந்துக் கட்டணம் அளவுக்குக்கூட வராது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கணக்கில் விழும். பையன்களுக்கு அதே தொகை தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கியது.

காசு விஷயத்தை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2010இல் வந்த சட்டம் இது. 2020இல் திருத்தினார்கள். பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆனது. அக்கா மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி. பட்டத்தையும் தமிழில் முடித்தால் குரூப் 1, குரூப் 2 எழுதும்போது அது கையில் இருக்கும். ஆங்கில வழியில் சேர்ந்தாலோ டெல்லிக்குப் போனாலோ, பட்டம் கேட்கும் பணிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். என்னிடம் படித்த ஒரு பெண், இது தெரியாமலே ஆங்கில வழியில் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்து அழுதாள். அதனால் விண்ணப்பிக்கும்போதே பயிற்று மொழி என்ன என்று பார்த்துத் தெரிந்து எடுங்கள்.

குறையும் இருக்கிறது. தமிழில் நல்ல நூல்கள் குறைவு. பிளேட்டோ, மாக்கியவெல்லி, ஹாப்ஸ், ரூசோ என்று மேலைநாட்டு அரசியல் சிந்தனையாளர்கள் எல்லாரும் கையேட்டுச் சுருக்கமாகத்தான் மாணவர் கைக்கு வந்து சேருகிறார்கள். ஆட்சி இல்லாவிட்டால் மனிதர் கதி என்ன என்று கேட்டவர் ஹாப்ஸ். நான் முதல் வருடம் உள்தேர்வில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன், வரிக்கு வரி கையேடு. எங்கள் பேராசிரியர் மதிப்பெண்ணே போடாமல் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "ஆட்சியே இல்லாத ஊரில் ஒரு வாரம் இருந்து பார்த்தது போல எழுது." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அப்படி ஒரு ஆசிரியர் கிடைப்பது எந்த ஊரிலும் அதிர்ஷ்டம்தான். ஆனால் வகுப்பில் கிடைக்காததைத் தானே தேடிப் படிக்கும் பழக்கம் கோவையில் சேரும் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்து வருபவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். புத்தகத்தின் பின்பக்க வினா, ஒரு மதிப்பெண் வினா, அதிகாலை நாலரை மணிக்கு எழுப்பி மனப்பாடம் என்றே இரண்டு வருடம் ஓடியிருக்கும். இங்கே ஒரு கேள்விக்கு இரண்டு பதிலும் சரியாக இருக்கலாம் என்றால் முதலில் நம்ப மாட்டார்கள்.

அப்புறம், கோவையில் படிப்பதில் ஒரு வசதியை யாரும் சொல்வதில்லை. இந்தப் பாடத்துக்கான களம் நம் ஊரைச் சுற்றியே கிடக்கிறது. மின் கட்டணத்துக்காக நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1972இல் கோவைக்குள் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திய போராட்டம் இங்கே நடந்தது. நாட்டின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்த சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கம், ப.சுப்பராயன் திருச்செங்கோட்டுப் பக்கம். பெரியார் நகராட்சித் தலைவராக இருந்தது ஈரோட்டில். பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரில் கேரளாவோடு போட்ட ஒப்பந்தம், பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2024இல் திறந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் என்று கூட்டாட்சித் தாளுக்கும் நிர்வாகத் தாளுக்கும் உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். சனிக்கிழமை பஸ் ஏறினால் சம்பந்தப்பட்டவர்களையே பார்த்துப் பேசிவிட்டு வரலாம்.

சென்னையைப் பற்றி அக்கா மகளுக்கு மயக்கம் அதிகம். எனக்கு அவ்வளவு இல்லை. மெரினா எதிரில் 1840இல் தொடங்கிய மாநிலக் கல்லூரியும், தாம்பரத்தில் காடு மாதிரி வளாகமும் அதற்குள்ளேயே விடுதிகளும் கொண்ட சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் இந்தப் பாடத்துக்குப் பேர் போனவை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் ஆவணக் காப்பகமும், கோட்டையில் சட்டமன்றம், எதிரே உயர் நீதிமன்றம். இவற்றைப் பயன்படுத்தும் பிள்ளைக்குச் சென்னை மூன்று வருடமும் தீனி போடும். இரவு திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை, வீட்டுக்கும் தூரமில்லை. பயன்படுத்தாவிட்டால் கோவையில் படிக்கும் அதே பாடத்துக்கு விடுதிச் செலவு சேர்த்துக் கொடுத்ததாகத்தான் ஆகும். மாநிலக் கல்லூரி அரசுக் கல்லூரி என்பதால், கோவைக்குப் போடும் அதே விண்ணப்பத்தில் அதையும் ஒரு விருப்பமாகச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்களும் சேர்த்தோம்.

டெல்லி வேறு விஷயம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இந்து கல்லூரி, லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ், ராம்ஜாஸ் போன்ற இடங்களில் அரசியல் அறிவியல் ஆனர்ஸ் படிக்க 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருவதில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம், 50 கேள்வி. சரியான விடைக்கு 5, தவறுக்கு ஒன்று கழிப்பார்கள். அதிகபட்சம் ஐந்து தாள். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். கேள்விகள் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டி வருவதால், நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் பதினொன்று, பன்னிரண்டு அரசியல் அறிவியல் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைத் தனியாகப் படித்தாக வேண்டும். விண்ணப்பம் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதுதான் முக்கியம். முடிவு வந்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் அந்த வருடத்துக்கு டெல்லி இல்லை. அக்கா மகளுக்கு அவள் பள்ளி டீச்சர் முன்கூட்டியே போட்டுவிட்டிருந்தார். அந்த டீச்சருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டெல்லியில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது எதிர்வாதம். என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பையன் அங்கே படித்தான். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு டெல்லி விஜய் நகர் அறையிலிருந்து போன். எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று திரும்பக் கணக்குப் போடும் தொகுதி மறுவரையறையைப் பற்றி அவன் அறைத்தோழனோடு சண்டையாம். அந்த அறைத்தோழன் உத்தரப் பிரதேசத்துக்காரன். "எங்களுக்கு 80 எம்.பி., உங்களுக்கு 39. சனத்தொகைக்கு ஏத்த மாதிரி பாத்தா எங்களுக்கு இன்னும் கூடல்ல வரோணும், ஒரு ஆள் ஒரு ஓட்டுங்கறதுதானே ஜனநாயகம்னு கேக்கறான் மேடம், எனக்குப் பதில் வரல" என்றான். அதுவரை அவனுக்கு அது தமிழ்நாட்டுக்கு நடக்கும் அநியாயம் மட்டும்தான். 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் எதற்காக மாநிலங்களுக்கான எம்.பி. இடங்களை மாற்றாமல் நிறுத்தி வைத்தது, 2001இல் 84ஆவது திருத்தம் அதை ஏன் 2026க்குப் பின் வரும் கணக்கெடுப்பு வரை நீட்டியது, மக்கள் தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்துக்குத் தண்டனையா என்பதையெல்லாம் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து படித்தான். எதிரில் வேறு ஊர்க்காரன் இருந்ததால் வந்த படிப்பு அது. கோவையில் வகுப்பில் எல்லாரும் ஒரே பக்கம் தலையாட்டியிருப்பார்கள்.

இன்னொன்று, அங்கே நான்கு வருடப் படிப்பு. மூன்றாம் வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரலாம், நான்காம் வருடம் ஆய்வோடு முடிக்கலாம். நான்கு வருடத்தை 75 விழுக்காட்டோடு முடித்தால் எம்.ஏ. இல்லாமலே நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு எழுதவும் முனைவர் பட்டத்துக்குப் போகவும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வழி விட்டிருக்கிறது. ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று கனவு இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

சிரமங்களையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி விடுதி எல்லாருக்கும் கிடைக்காது. வெளியே தங்கினால் படிப்புக் கட்டணத்தை விடத் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான் அதிகம் ஆகும். தமிழ் வழியில் வந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். கோவையிலிருந்து வாரம் ஒருமுறை நிஜாமுதீனுக்குப் போகும் கொங்கு எக்ஸ்பிரஸோ, தினமும் போகும் கேரளா எக்ஸ்பிரஸோ, எதில் ஏறினாலும் இரண்டு நாள். பாட்டி செத்தால்கூடக் காடு போவதற்குள் வந்து சேர முடியாது என்று அக்கா சொன்னாள். அது சாதாரண பயம் இல்லை. பெண் பிள்ளை என்பதால் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கூடுதலாக யோசிக்கிறார்கள். பையனுக்குச் செலவு ஆகும் என்று யோசிப்பதும், பெண்ணுக்கு ஊர் என்ன பேசும் என்று யோசிப்பதும் ஒன்றாகாது. செலவு நிஜம், அதைக் கணக்குப் போடுங்கள். ஊர்ப் பேச்சை வைத்து ஒரு பெண்ணின் படிப்பை முடிவு செய்யாதீர்கள். இதை மாமாவிடம் நேராகச் சொன்னேன், அவரும் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்.

ஐந்து வருடச் சட்டம் மாமாவுக்குப் பிடித்த யோசனை. "வக்கீலுன்னா சொல்லிக்கறதுக்கு ஒரு பேராவது இருக்குதுல்ல." கோவை மருதமலை ரோட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக, நுழைவுத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம். முடித்ததும் கையில் ஒரு தொழில் இருக்கும். ஆனால் பி.ஏ. எல்.எல்.பி.யில் அரசியல் அறிவியல் ஆரம்ப வருடங்களில் சில தாள்களாக வந்து போய்விடும். பிறகு ஒப்பந்தச் சட்டமும் குற்றவியல் சட்டமும் சொத்துச் சட்டமும்தான். சாயப் பட்டறை வழக்கில் வாதாட ஆசை என்றால் சட்டம். அந்த வழக்கு ஏன் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அமைச்சர்களும் அதுவரை என்ன செய்தார்கள் என்று கேட்க ஆசை என்றால் அரசியல் அறிவியல். இரண்டும் வேண்டும் என்றால் பி.ஏ. மூன்று, எல்.எல்.பி. மூன்று. மாமா சொன்ன ஆறு வருடத்துக்குள் சரியாக அடங்குகிறது. எனக்கு இந்த வழி மனத்துக்குப் பிடித்திருந்தது.

தபால் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இந்தப் பாடத்தை வைத்திருக்கின்றன, பட்டம் செல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு அது வரம். திருப்பூரில் டெய்லராக இருக்கும் என் சிநேகிதி அப்படித்தான் பட்டம் வாங்கி டி.என்.பி.எஸ்.சி. எழுதினாள். அவள் சேர்ந்த படிப்பு மையத்தில் பாடப் புத்தகம் தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போதுதான் வந்தது. முப்பது வயதில் பிழைப்பு தெரிந்தவள் என்பதால் சமாளித்தாள். பதினேழு வயதுப் பிள்ளையை இதில் விட எனக்குச் சம்மதமே இல்லை. அரசியல் அறிவியலைத் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து படித்து முடிக்க முடியாது. ஒத்துக்கொள்ளாத ஒருவரோடு பேச வேண்டும். கொங்குப் பக்கத்தில் உறவுக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே, ஒரே ஊருக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு அரசுக் கல்லூரி வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் உட்காரும் வேறு தெருப் பிள்ளைதான் முதல் பாடம். அதைத் தபாலில் அனுப்ப முடியாது.

ஆக என் தராசில் கோவையும் டெல்லியும்தான் மிஞ்சின. ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டத் தயார், ஆராய்ச்சியில் நாட்டம், வீட்டில் நான்கு வருடச் செலவைத் தாங்க முடியும் என்றால் டெல்லி. மாநில அரசுப் பணியோ வழக்கறிஞர் தொழிலோ குறி, தமிழ் வழி முன்னுரிமை கையில் இருக்கிறது, தானாகத் தேடிப் படிப்பாள் என்றால் கோவை. கோவையில் பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ.வுக்கு டெல்லி போகலாம். டெல்லியில் பி.ஏ. முடித்துவிட்டுத் தமிழ் வழி முன்னுரிமையைத் திரும்ப வாங்க முடியாது. யு.பி.எஸ்.சி. எழுதுவதாக இருந்தாலும் பட்டம் முடித்த பிறகு மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு எழுதித் தேறினால் முதல்நிலைத் தயாரிப்புக்கு மாதம் 7500 ரூபாய் தருகிறார்கள், அதற்கும் கோவைப் பட்டம் போதும்.

அவள் க்யூட் எழுதினாள். அந்த முடிவு வருவதற்கு முன்பே கோவையில் தமிழ் வழியில் இடம் கிடைத்து, சேர்ந்துவிட்டாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அப்புறம் சரியாகிவிட்டது.

போன மாதம் மொடக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தேர்தல் முறை பற்றி வகுப்பில் ஒரு ஒப்படைப்பு. 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைக்க ஆயிரத்துக்கும் மேல் மனுப் போட்டு, 1033 பேர் களத்தில் நின்றார்கள். தேர்தலையே தள்ளி வைத்தார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அடித்தார்கள். அதே வருடம் சட்டமன்றத் தேர்தலின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5000 ஆனது. இதெல்லாம் அவள் படித்துவிட்டு வந்தது. அன்று ஓட்டுப் போட்டவரைத் தேடித்தான் வந்திருக்கிறாள். திண்ணையில் போனை நிறுத்தி வைத்துப் பதிவு செய்துகொண்டே, "அம்மாயி, அந்தப் புஸ்தகத்துல உங்க சின்னத்த எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அம்மா வெற்றிலையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்தப் பொரட்டுனேன் கண்ணு, பொரட்டுனேன், பொரட்டிக்கிட்டே இருந்தேன். வெளிய வரிசைல நின்னவங்க சத்தம் போட ஆரம்பிச்சுட்டாங்க."